டிஆர் சர்வர் எழவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கிளவுடில் டிஆர் (டிசாஸ்டர் ரெகவரி, பேரிடரில் சர்வர்களை வேறிடத்தில் எழுப்பும் ஏற்பாடு) வைத்திருக்கும் இடங்களில் ஒரு திரை எப்போதும் பச்சையாக இருக்கும். ஒவ்வொரு சர்வருக்கும் எதிரே ‘ஹெல்த்தி’ என்று காட்டும். இங்கிருக்கும் டிஸ்க் பிளாக்குகள் அங்கே போய்ச் சேருகின்றன என்பதுதான் அந்தப் பச்சைக்கு அர்த்தம். அந்தப் பிளாக்குகளிலிருந்து ஒரு சர்வர் எழுந்து, நெட்வொர்க்கில் ஏறி, ஆட்களை உள்ளே விட்டு, சரியான தரவோடு வேலை செய்யுமா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. நான் பார்த்த டிஆர் கோளாறுகள் பெரும்பாலும் இந்தப் பச்சைக்குப் பின்னால்தான் மறைந்திருந்தன. அதனால் இங்கே நகல் போகும் கட்டத்தில் வரும் பிரச்சினைகளோடு நிறுத்தாமல், சர்வர் எழுந்த பிறகு வருபவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் இரண்டு விஷயங்கள். எதுவும் புரியவில்லை என்றால் ஏஜென்டை (மூல சர்வரில் இருந்து டிஸ்க் மாற்றங்களை அனுப்பும் மென்பொருள்) அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுவது பலரின் முதல் வேலை. அதைச் செய்யாதீர்கள். பல சேவைகளில் ரெப்ளிகேஷனை, அதாவது இந்த நகலெடுப்பை, நிறுத்தினால் அதுவரை சேர்ந்த மீட்புப் புள்ளிகளும் (சர்வரை எழுப்பத் தக்க, வெவ்வேறு நேரங்களின் நகல்கள்) கூடவே போய்விடும், முழு நகலும் ஆரம்பத்திலிருந்து ஓட வேண்டியிருக்கும். உண்மையான பாதிப்பு நடந்துகொண்டிருக்கும்போது இதைச் செய்தால் திரும்பிப் போக வழியே இருக்காது.

இரண்டாவது, நேரம். கிளவுட் கன்சோல் பல இடங்களில் யூடிசி (உலகப் பொது நேரம்) காட்டும், சர்வர் லாக் உள்ளூர் நேரத்தில் இருக்கும், டேட்டாபேஸ் இன்னொன்றில் இருக்கும். எல்லாவற்றையும் யூடிசிக்கு மாற்றி ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆரம்பியுங்கள். தவறான மீட்புப் புள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்கு நேரக் குழப்பமே போதும்.

லேக் ஏறிக்கொண்டே போகிறது

ரெப்ளிகேஷன் லேக், அதாவது நகல் பின்தங்கும் நேரம், சில விநாடிகளில் இருக்க வேண்டியது மணிக்கணக்கில் காட்டுகிறது என்றால், முதலில் கணக்குப் போடுங்கள். 100 எம்பிபிஎஸ் லைன் முழுவதும் உங்களுக்கே கிடைத்தாலும் ஒரு மணி நேரத்தில் 45 ஜிபிதான் போகும். 1 டிபி முதல் நகலுக்கு 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சர்வரில் ஒரு மணி நேரத்தில் மாறும் தரவு 45 ஜிபியைத் தாண்டினால் லேக் ஏறத்தான் செய்யும். ஏஜென்டில் என்ன மாற்றினாலும் அது இறங்காது.

அடுத்து பார்க்க வேண்டியது, லேக் எந்த நேரத்தில் ஏறுகிறது என்பது. நாள் முழுக்க ஏறினால் லைன் போதவில்லை. தினமும் ஒரே நேரத்தில் ஏறி, பிறகு மெல்ல இறங்கினால் அந்த நேரத்தில் ஓடும் ஏதோ ஒரு வேலைதான் காரணம். அடிக்கடி அகப்படுவது டேட்டாபேஸ் டம்ப். நள்ளிரவு 1 மணிக்கு ஒரு ஷெட்யூல் ஓடி, 300 ஜிபி டேட்டாபேஸை அதே சர்வரின் டி டிரைவில் பேக்கப் ஃபைலாக எழுதுகிறது என்று வையுங்கள். பிளாக் அளவில் நகலெடுக்கும் ஏஜென்டுக்கு அது பேக்கப் என்று தெரியாது, 300 ஜிபி புதிய பிளாக்குகள் என்று மட்டும்தான் தெரியும். அத்தனையையும் அனுப்பும். 100 எம்பிபிஎஸ்ஸில் அதற்கு மட்டும் 6 மணி 40 நிமிடம். அந்த நேரத்தில் உண்மையான பரிவர்த்தனைகள் பின்னால் வரிசையில் நிற்கும். விடிகாலை 5 மணிக்கு சர்வர் போனால் நீங்கள் இழப்பது நான்கு மணி நேரத் தரவு, எஸ்எல்ஏயில் (சேவை ஒப்பந்தத்தில்) 15 நிமிடம் என்று எழுதியிருந்தாலும்.

தீர்வு எளிது. டம்ப் போகும் இடத்தைத் தனி டிஸ்க்காக்கி, அந்த டிஸ்க்கை ரெப்ளிகேஷனிலிருந்து விலக்குங்கள். அல்லது டம்பை நேராக ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு அனுப்புங்கள். பேஜ் ஃபைல், எஸ்க்யூஎல் சர்வர் தற்காலிகத் தரவை வைக்கும் டெம்ப்டிபி ஆகியவற்றுக்கும் இதே வழிதான். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. டெம்ப்டிபி இருந்த டிஸ்க்கை விலக்கிவிட்டால், மீட்ட சர்வரில் அந்த டிரைவ் எழுத்தே இருக்காது. டெம்ப்டிபியை உருவாக்க இடமில்லாமல் எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டார்ட் ஆகாது. மீட்புத் திட்டத்தில், டேட்டாபேஸ் சேவை தொடங்கும் முன் ஒரு காலி டிஸ்க்கை இணைத்து அதே எழுத்தையும் ஃபோல்டரையும் கொடுக்கும் ஸ்கிரிப்டைச் சேர்த்துவிடுங்கள்.

இன்டெக்ஸ் ரீபில்ட், டிஃப்ராக், பெரிய லாக் ஃபைல்களைச் சுருக்கும் வேலை, இவையும் பிளாக்குகளைப் புரட்டிப் போடும். வார இறுதியில் மட்டும் லேக் ஏறினால் இவற்றைச் சந்தேகியுங்கள்.

எந்த ஷெட்யூலும் இல்லாத நேரத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்களில் ஒரே சமயம் மாற்ற அளவு எகிறினால்? லேக்கை மறந்துவிட்டு ரான்சம்வேர் என்று நினைத்துக்கொண்டே அடுத்த அடி எடுத்து வையுங்கள். ஃபைல்கள் என்கிரிப்ட் ஆகும்போது ஒவ்வொரு பிளாக்கும் மாறுகிறது. அதோடு, என்கிரிப்ட் ஆன தரவு சுருங்காது என்பதால் லைனில் போகும் அளவும் கூடும். பாதுகாப்பு மென்பொருள் கத்துவதற்கு முன்பே ரெப்ளிகேஷன் வரைபடத்தில் இது தெரிந்துவிடுவது உண்டு. இந்த வரைபடத்துக்கு ஒரு அலாரம் வைப்பது மிக மலிவான பாதுகாப்பு.

ஏஜென்ட் இணைப்பில் இருக்கிறது, ஆனால் தரவு நகரவில்லை

கட்டுப்பாட்டுக்கு ஒரு பாதை, தரவுக்கு ஒரு பாதை என்று இரண்டு இருப்பதை மறப்பதால் வரும் சிக்கல் இது. ஏடபிள்யூஎஸ் எலாஸ்டிக் டிசாஸ்டர் ரெகவரியில் ஏஜென்ட் 443 போர்ட் வழியாகச் சேவையோடு பேசும். பிளாக்குகள் போவது 1500 போர்ட் வழியாக, ஸ்டேஜிங் சப்நெட்டில் (நகலைப் பெறுவதற்கென கிளவுடில் ஒதுக்கிய நெட்வொர்க் பகுதி) இருக்கும் ரெப்ளிகேஷன் சர்வருக்கு. ஃபயர்வாலில் 443 மட்டும் திறந்திருந்தால் ஏஜென்ட் உயிரோடு இருப்பதாகவே காட்டும், ஆனால் ஒரு பிளாக்கும் நகராது. மூல சர்வரிலிருந்து ரெப்ளிகேஷன் சர்வரின் முகவரிக்கு 1500இல் டெல்நெட் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

போர்ட் திறந்திருந்தும் நகரவில்லை என்றால் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பாருங்கள். ஐபிசெக் விபிஎன் வழியாகப் போகும்போது ஒவ்வொரு பாக்கெட்டிலும் கொஞ்சம் இடத்தை விபிஎன் எடுத்துக்கொள்ளும். 1500 பைட் பாக்கெட் அப்படியே உள்ளே நுழையாது. நடுவில் யாராவது ஐசிஎம்பியை (பிங்கும் நெட்வொர்க் பிழைச் செய்திகளும் போகும் வழி) முழுக்க அடைத்து வைத்திருந்தால் ‘பாக்கெட் பெரிது’ என்ற பதில் திரும்பி வராது. விளைவு, சின்ன பாக்கெட்டுகள் எல்லாம் போகும், இணைப்பு ஏற்படும், லாகின் ஆகும், பெரிய தரவு வந்ததும் நின்றுவிடும். உடைக்கக்கூடாது என்ற கொடியோடு பெரிய அளவில் பிங் அனுப்பி, அளவை மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த அளவில் பதில் வருகிறதோ அதற்கேற்ப டனலில் எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) குறைத்தால் சரியாகிவிடும்.

நேற்று வரை ஓடியது இன்று நின்றது என்றால், நேற்றிரவு என்ன மாறியது என்று கேளுங்கள். லினக்ஸில் பெரும்பாலும் கர்னல் அப்டேட்தான். பிளாக்குகளைக் கண்காணிக்கும் ஏஜென்ட், கர்னலுக்குள் ஒரு மாட்யூலாக உட்கார்ந்திருக்கும். சர்வர் புதிய கர்னலோடு ரீபூட் ஆனதும் அதற்கேற்ற மாட்யூல் இல்லையென்றால் கண்காணிப்பு நின்றுவிடும். ஓடும் கர்னலின் பதிப்புக்கு மிகச் சரியாகப் பொருந்தும் ஹெடர்கள் நிறுவப்பட்டிருக்கின்றனவா, செக்யூர் பூட் அந்த மாட்யூலைத் தடுக்கிறதா என்று பாருங்கள். பேட்ச் போடும் குழுவும் டிஆர் குழுவும் வெவ்வேறாக இருக்கும் இடங்களில் மாதாமாதம் இது நடக்கும். அதேபோல், ப்ராக்ஸியில் எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்‌ஷனைப் புதிதாக இயக்கியிருந்தால் ஏஜென்ட் சான்றிதழை நம்பாமல் இணைப்பை வெட்டிவிடும். டிஆர் முகவரிகளுக்கு அங்கே விதிவிலக்கு கொடுங்கள்.

மின்சாரம் போய் சர்வர் திடீரென்று அணைந்து எழுந்த பிறகு லேக் மணிக்கணக்கில் காட்டினால் பதற வேண்டாம். எது மாறியது என்ற குறிப்பு நினைவகத்தோடு போய்விட்டதால், ஏஜென்ட் முழு டிஸ்க்கையும் படித்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. முடிய விடுங்கள். நடுவில் மறுபடி ரீபூட் செய்தால் ஒப்பீடு திரும்பவும் முதலிலிருந்து தொடங்கலாம்.

மீட்புப் புள்ளி இருக்கிறது, ஆனால் எல்லாமே ‘க்ராஷ் கன்சிஸ்டன்ட்’

அஷுர் சைட் ரெகவரி 5 நிமிடத்துக்கு ஒருமுறை க்ராஷ் கன்சிஸ்டன்ட் புள்ளி எடுக்கும். மின்சாரம் பிடுங்கப்பட்ட கணத்தில் டிஸ்க் எப்படி இருந்ததோ அப்படி. போஸ்ட்கிரெஸ், இன்னோடிபி, எஸ்க்யூஎல் சர்வர் எல்லாமே இந்த நிலையிலிருந்து லாகைப் படித்துத் தானாகச் சரிசெய்துகொள்ளும்படி எழுதப்பட்டவை. எனவே க்ராஷ் கன்சிஸ்டன்ட் என்பதைப் பார்த்ததும் பயப்பட வேண்டியதில்லை. தரவு ஒரு டிஸ்க்கிலும் லாக் இன்னொரு டிஸ்க்கிலும் இருந்து, இரண்டும் வெவ்வேறு கணத்தில் படம் பிடிக்கப்பட்டால்தான் ஆபத்து. ஒரே சர்வரின் எல்லா டிஸ்க்குகளும் ஒரே கணத்தில் எடுக்கப்படுகின்றனவா என்பதையும், ஒன்றையொன்று நம்பியிருக்கும் சர்வர்கள் ஒரே குழுவில் இருக்கின்றனவா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

விண்டோஸில் ஆப் கன்சிஸ்டன்ட் புள்ளி (ஆப்கள் தரவை எழுதி முடித்த நிலையில் எடுப்பது) தொடர்ந்து தோற்றால், விண்டோஸின் ஸ்னாப்ஷாட் சேவையான விஎஸ்எஸ்ஸின் ரைட்டர்களின் நிலையைப் பட்டியலிட்டுப் பாருங்கள். எந்த ரைட்டர் தோல்வி காட்டுகிறதோ அதற்குரிய சேவையை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகும். ஒரே சர்வரில் வேறொரு பேக்கப் மென்பொருளும் அதே நேரத்தில் விஎஸ்எஸ்ஸை அழைக்கிறது என்றால் இரண்டில் ஒன்றின் நேரத்தை நகர்த்துங்கள்.

ஃபெயில்ஓவர் பட்டனை அழுத்தினால் சர்வரே உருவாகவில்லை

ஃபெயில்ஓவர் என்பது வேலையை டிஆர் பக்கத்துக்கு மாற்றுவது. அது தோற்றால் பிழைச் செய்தியை முழுமையாகப் படியுங்கள், காரணம் அதிலேயே இருக்கும். முதல் சந்தேகம் கோட்டா. டிஆர் ரீஜனில் (நகல் இருக்கும் கிளவுட் வட்டாரத்தில்) மாதக்கணக்காக ஒரு சின்ன ரெப்ளிகேஷன் சர்வர் மட்டும் ஓடியிருக்கும். அங்கே கேட்டுப் பெற்ற விசிபியூ (கிளவுட் ப்ராசசர் அலகு) வரம்பும் அந்த அளவிலேயே இருக்கும். மொத்தச் சர்வர்களையும் ஒரே நேரத்தில் எழுப்பப் போனால் வரம்பு இடிக்கும். கோட்டாவை உயர்த்தச் சொல்லும் கோரிக்கையைப் பேரிடர் நாளில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது மிகவும் வேதனையான அனுபவம். சர்வர்கள் எல்லாம் எழுந்தால் மொத்தம் எத்தனை விசிபியூ என்று இன்றே கூட்டிப் பாருங்கள்.

கோட்டா கிடைத்துவிட்டால் மெஷின் கிடைத்துவிடும் என்றும் இல்லை. கோட்டா என்பது அனுமதி மட்டுமே. ஒரு ரீஜன் விழுந்து எல்லோரும் பக்கத்து ரீஜனுக்கு ஓடும் நேரத்தில், நீங்கள் கேட்கும் இன்ஸ்டன்ஸ் வகை அங்கே தீர்ந்துபோயிருக்கலாம். உயிர்நாடியான இரண்டு மூன்று சர்வர்களுக்குக் கெபாசிட்டி ரிசர்வேஷன் போட்டு வையுங்கள். மற்றவற்றுக்கு மாற்று வகைகளின் பட்டியலைத் தயாராக வைத்திருங்கள்.

அடுத்தது சாவி. என்கிரிப்ட் செய்த டிஸ்க்கின் சாவி மூல ரீஜனில் மட்டும் இருந்தால், ரீஜன் போகும்போது சாவியும் போகும். ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு சாவியை அழிக்கச் சொன்னால் 7 முதல் 30 நாள் காத்திருப்புக்குப் பிறகு அது நிரந்தரமாகப் போய்விடும். அதை வைத்துப் பூட்டிய ஸ்னாப்ஷாட்டுகள் எல்லாம் அதன் பிறகு வெறும் குப்பை. பழைய சாவிகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று யாராவது கிளம்பினால் டிஆர் ஆட்களைக் கேட்காமல் கைவைக்க விடாதீர்கள். இவை தவிர, சப்நெட்டில் ஐபி தீர்ந்துபோவது, டேக் இல்லாத சர்வரை உருவாக்கக்கூடாது என்ற நிறுவனக் கொள்கை இடிப்பது போன்றவையும் உண்டு. செய்தியைப் படித்தாலே புரியும்.

சர்வர் ‘ரன்னிங்’ என்கிறது, ஆனால் எழவில்லை

கிளவுடின் பார்வையில் மெஷினுக்கு மின்சாரம் போகிறது, அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க பூட் ஸ்கிரீன்ஷாட்டையோ சீரியல் கன்சோலையோ திறந்து பாருங்கள். இந்த இரண்டும் டிஆர் கணக்கில் இயக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது.

விண்டோஸில் நீலத்திரையும் ‘இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்ற வாசகமும் தெரிந்தால், புதிய ஸ்டோரேஜுக்கான டிரைவர் உள்ளே இல்லை. கிளவுடுக்கு ஏற்ற என்விஎம்இ, நெட்வொர்க் டிரைவர்களை மூல சர்வரிலேயே முன்பே நிறுவி வைக்கலாம். அங்கே சும்மா கிடக்கும், இங்கே வந்ததும் கைகொடுக்கும். லினக்ஸில் இதற்கு இணையானது, இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு ஃபைல் தொகுப்பு) அந்த டிரைவர்கள் இல்லாமல் போவது. திரை முழுக்கக் கருப்பாக, ஒரு எழுத்தும் வராமல் இருந்தால் பயோஸ், யூஈஎஃப்ஐ என்ற இரண்டு பூட் முறைகளில் மூல சர்வர் எதில் பூட் ஆகிறது, மீட்பு சர்வருக்கு எது கொடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒப்பிடுங்கள்.

லினக்ஸில் மிக அதிகமாக மாட்டுவது எஃப்எஸ்டேப் ஃபைல், அதாவது பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்ற பட்டியல். ஒரு கணக்குவழக்கு சர்வரை டெஸ்ட் ஃபெயில்ஓவரில் எழுப்பியபோது சீரியல் கன்சோலில் கண்டது இது: பூட் ஒழுங்காக ஓடி, ஒரு இடத்தில் நின்று, எஸ்டிபி1 என்ற டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி. பக்கத்தில் 90 விநாடிக்கான எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. 90 முடிந்ததும் எமர்ஜென்சி மோட். ரூட் பாஸ்வேர்டு கேட்டது. அந்த பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை, ஏனென்றால் எல்லோரும் எஸ்எஸ்எச் சாவியில்தான் நுழைந்து பழகியிருந்தார்கள். காத்திருந்த டிஸ்க்கோ என்றோ இணைத்த ஒரு காப்பக டிஸ்க், சர்வருக்கு அது தேவையே இல்லை. கிளவுடில் டிஸ்க்குகளின் பெயர்கள் மாறிவிடுவதால் எஸ்டிபி1 என்று ஒன்று அங்கே கிடையாது. மூல சர்வரில் எஃப்எஸ்டேப்பைத் திறந்து, டிஸ்க் பெயர்களை யூயூஐடிக்கு (இடம் மாறினாலும் மாறாத அடையாள எண்) மாற்றி, அவசியமில்லாத டிஸ்க்குகளுக்கு ‘நோஃபெயில்’ என்ற சொல்லைச் சேர்த்தால் இந்தக் கோளாறு முற்றிலும் போய்விடும். பத்து நிமிட வேலை. எல்லா லினக்ஸ் சர்வரிலும் செய்யுங்கள். ரூட் பாஸ்வேர்டையும் ஒரு பூட்டிய இடத்தில் எழுதி வையுங்கள்.

விண்டோஸ் எழுந்துவிட்டது, ஆனால் டி டிரைவைக் காணோம் என்றால் டிஸ்க் மேனேஜ்மென்டில் அது ‘ஆஃப்லைன்’ என்று இருக்கும். சான் பாலிசியை ‘ஆன்லைன் ஆல்’ என்று மாற்றினால் போதும். இதையும் மூல சர்வரிலேயே செய்துவைத்தால் நல்லது.

எழுந்துவிட்டது, ஆனால் யாராலும் போக முடியவில்லை

சர்வருக்குள் பழைய ஸ்டாட்டிக் ஐபி அப்படியே இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அடுத்து, விண்டோஸ் புதிய நெட்வொர்க்கைப் ‘பப்ளிக்’ என்று முடிவுசெய்து ரிமோட் டெஸ்க்டாப்பை அடைத்திருக்கிறதா. பிறகு செக்யூரிட்டி குரூப், அதாவது கிளவுடின் ஃபயர்வால் விதிகள். இந்த மூன்றுக்குள் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

உள்ளேயிருந்து எல்லாம் வேலை செய்கிறது, வெளியே உள்ள வாடிக்கையாளர்கள் மட்டும் பழைய இடத்துக்கே போகிறார்கள் என்றால் அது பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ். டிடிஎல் (கிடைத்த முகவரியை நினைவில் வைத்திருக்கும் காலம்) 86400 விநாடி என்று இருந்தால், பழைய முகவரியைக் கேட்டு வைத்துக்கொண்டவர்கள் ஒரு நாள் வரை அதையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். பாதிப்பு வந்த பிறகு டிடிஎல்லைக் குறைத்தாலும் அவர்களை அது எட்டாது. டிஆர் உள்ள பெயர்களுக்கு எப்போதுமே 60 முதல் 300 விநாடி வைத்திருங்கள். பெயருக்குப் பதில் ஐபியையே கான்ஃபிக் ஃபைலில் எழுதி வைத்த பழைய ஆப்களுக்கு இது உதவாது. அவற்றைத் தேடிப் பிடித்து மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

லாகின் ஆகவில்லை

எல்லா சர்வரும் எழுந்துவிட்டன, யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. ஆக்டிவ் டைரக்டரி (விண்டோஸ் நெட்வொர்க்கின் பயனர் கணக்கு அமைப்பு) உள்ள இடங்களில் இது தனி அத்தியாயம்.

முதலில் கடிகாரம். அதன் லாகின் சரிபார்ப்பு முறையான கெர்பரோஸில் இயல்பாக 5 நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசம் இருக்கக்கூடாது. மீட்ட டொமைன் கன்ட்ரோலர் (கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர்) எங்கிருந்து நேரம் எடுக்கிறது என்று பாருங்கள்.

கடிகாரம் சரியாக இருந்தால் சிஸ்வால் (டொமைன் கொள்கைகள் இருக்கும் ஃபோல்டர்) பகிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் சர்வர் 2012 முதல், டொமைன் கன்ட்ரோலர் தான் நகலெடுக்கப்பட்டதை விஎம் ஜெனரேஷன் ஐடி மூலம் கண்டுபிடித்துவிடும். உடனே தன்னிடம் இருக்கும் சிஸ்வாலை நம்பாமல், இன்னொரு டொமைன் கன்ட்ரோலரிடமிருந்து எடுத்துக்கொள்ளக் காத்திருக்கும். உண்மையான ஃபெயில்ஓவரிலும், தனிமைப்படுத்திய டெஸ்ட் நெட்வொர்க்கிலும் அந்த இன்னொருவர் இருக்க மாட்டார். காத்திருப்பு முடியாது, சிஸ்வால் பகிரப்படாது, டொமைன் இருப்பதாகவே யாருக்கும் தெரியாது. இந்த ஒரு கன்ட்ரோலரை அத்தாரிட்டேட்டிவ் என்று அறிவித்து சிஸ்வாலை மீட்டமைத்தால் எழுந்துவிடும். இதைவிட நல்ல வழி, டிஆர் ரீஜனில் ஒரு டொமைன் கன்ட்ரோலரை எப்போதும் உயிரோடு ஓடவிட்டு, ஆக்டிவ் டைரக்டரியின் சொந்த ரெப்ளிகேஷனையே பயன்படுத்துவது. மாதச் செலவு கொஞ்சம் ஆகும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

2017 ஜூனில் நாட்பெட்யா தீநிரல் தாக்கியபோது மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தும் எல்லாம் சேர்ந்தே அழிந்தன. கானா அலுவலகத்தில், மின்தடையால் அந்நேரம் நெட்வொர்க்கில் இல்லாத ஒரே ஒரு கன்ட்ரோலர் தப்பியது. அதிலிருந்துதான் மொத்தத்தையும் திரும்பக் கட்டினார்கள். ஓடும் நகலோடு, இணைப்பில் இல்லாத ஒரு பேக்கப்பும் ஆக்டிவ் டைரக்டரிக்கு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் தாங்க முடியாத மெதுவாக

ஏடபிள்யூஎஸ்ஸில் ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவாக்கிய டிஸ்க், உருவான கணத்திலேயே முழுதாக இருப்பது போலத் தெரியும். ஒரு பிளாக்கை முதன்முறை தொடும்போதுதான் அது எஸ்3 ஸ்டோரேஜிலிருந்து இறங்கி வரும். எனவே முதல் சில மணி நேரம் ஒவ்வொரு க்வெரியும் இழுக்கும். டேட்டாபேஸ் டிஸ்க்கை ஒருமுறை முழுக்கப் படித்துச் சூடேற்றலாம், அல்லது முக்கியமான ஸ்னாப்ஷாட்டுகளுக்கு ஃபாஸ்ட் ஸ்னாப்ஷாட் ரீஸ்டோரை இயக்கலாம். நாள் ஒன்று ஆன பிறகும் மெதுவாகவே இருந்தால் இன்ஸ்டன்ஸ் வகையைப் பாருங்கள். காசு மிச்சம் என்று கிரெடிட்டில் ஓடும் வகையைக் கொடுத்திருந்தால் காலையில் பறக்கும், மதியம் படுத்துவிடும்.

தரவு இருக்கிறது, ஆனால் தவறாக இருக்கிறது

ரெப்ளிகேஷன் நல்லதையும் கெட்டதையும் ஒரே வேகத்தில் கொண்டுபோகும். யாராவது ஒரு டேபிளை அழித்தால் சில விநாடிகளில் அங்கேயும் அழியும். 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான ஃபைல் 04:09 யூடிசிக்கு வெளியாகி 05:27க்குத் திரும்பப் பெறப்பட்டது. அந்த இடைவெளியில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. அந்த ஃபைல் டிஸ்க்கில் எழுதப்பட்ட பிறகான எந்த மீட்புப் புள்ளியை எடுத்தாலும் அதே நீலத்திரைதான் வரும். இப்படிப்பட்ட நேரத்தில் ‘லேட்டஸ்ட்’ என்று இருக்கும் தேர்வை அழுத்தக்கூடாது. கோளாறு நுழைந்த நேரத்தைக் கண்டுபிடித்து, அதற்கு முந்தைய புள்ளியை எடுக்க வேண்டும்.

அதற்கு அந்தப் புள்ளி இன்னும் மிச்சமிருக்க வேண்டும். எலாஸ்டிக் டிசாஸ்டர் ரெகவரி இயல்பாக வைத்திருப்பது கடைசி ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிட இடைவெளியில், கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று, கடைசி 7 நாளுக்கு நாளுக்கு ஒன்று. ரான்சம்வேர்காரர்கள் உள்ளே நுழைந்து வாரக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத் தாக்கினால் இந்த ஏழு நாளும் அவர்கள் கைபட்டவையாகவே இருக்கும். நாள் கணக்கை நீட்டுங்கள். அப்புறம், டிஆரோடு நிற்காமல் மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி ஆப்ஜெக்ட் லாக் போட்ட பேக்கப்பும் தனியாக வையுங்கள்.

அந்த பேக்கப்பையும் திறந்து பாருங்கள். நிரல் சேமிப்புத் தளமான கிட்லேபில் 2017 ஜனவரி 31 அன்று முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, எஸ்3யில் இருக்க வேண்டிய டம்புகள் இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுக்கும் கருவியோ 9.2 என்பதால் அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களோ அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் விதி காரணமாக நிராகரிக்கப்பட்டன. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் உங்களிடமும் இருக்கக்கூடியதே. வாரம் ஒருமுறை பேக்கப் ஃபைலின் அளவைப் பாருங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு டேட்டாபேஸை எழுப்பி, நேற்றைய கடைசிப் பரிவர்த்தனை அதில் இருக்கிறதா என்று ஒரு க்வெரி ஓட்டுங்கள். பேக்கப் தோற்றால் மட்டும் மின்னஞ்சல் வரும்படி வைக்காதீர்கள். வெற்றிச் செய்தி வராவிட்டால் அலாரம் அடிக்கும்படி வையுங்கள்.

டிஆர் கன்சோலுக்குள்ளேயே நுழைய முடியவில்லை

கிளவுட் கணக்கில் நுழைய உங்கள் எஸ்எஸ்ஓ (ஒரே லாகினில் எல்லாவற்றுக்குள்ளும் விடும் சேவை) வேண்டும், எஸ்எஸ்ஓ ஓடுவது விழுந்துபோன டேட்டா சென்டரில். அல்லது எம்எஃப்ஏ (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு) கருவி அலுவலக அலமாரியில். அல்லது டிஆர் செயல்முறை ஆவணம், இப்போது திறக்காத அதே ஃபைல் சர்வரில். இந்த மூன்றில் ஒன்றையாவது டிஆர் ஒத்திகைகளில் பார்த்துவிடுவோம். எஸ்எஸ்ஓவைத் தொடாத இரண்டு அவசரக் கணக்குகள், அவற்றுக்கான எம்எஃப்ஏ கருவிகள் இரு வேறு இடங்களில், அச்சடித்த ஆவணம். இவ்வளவும் இருந்தால் போதும்.

இன்னொரு பக்கமும் உண்டு: உங்களால் நுழைய முடியாதபோது வேறொருவர் நுழைந்திருப்பது. கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் 2014 ஜூனில் இப்படித்தான் மூடப்பட்டது. கன்சோலைக் கைப்பற்றியவர் சர்வர்களையும் அதே கணக்கில் இருந்த பேக்கப்புகளையும் சேர்த்தே அழித்தார். டிஆர் நகல் தனிக் கணக்கில், தனி அடையாளச் சான்றுகளோடு இருக்க வேண்டும். தனி இடத்திலும் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2024 மேயில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கூகுள் கிளவுட் தனிக்கிளவுட் ஒரு அமைப்புப் பிழையால் அழிந்தது. நாள்கணக்கில் முடங்கியவர்கள் மீண்டு வர, வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்பும் கைகொடுத்தது.

டெஸ்ட் ஃபெயில்ஓவர் செய்ததும் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் போய்விட்டது

டெஸ்ட் நெட்வொர்க் உண்மையான நெட்வொர்க்கோடு இணைந்திருக்கிறது. எழுந்த நகலுக்குத் தான் நகல் என்று தெரியாது. நேரம் குறித்து வைத்த கிரான் வேலைகளை ஓட்டும், பில் அனுப்பும், பேமென்ட் கேட்வேயைத் தட்டும். உடனே அந்த சர்வர்களின் நெட்வொர்க்கை வெட்டுங்கள், பிறகு என்னென்ன வெளியே போனது என்று லாகில் தேடுங்கள். இனிமேல் டெஸ்ட்டுக்குத் தனி விபிசி (கிளவுடில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்), வெளியே போகும் பாதையே இல்லாமல். டெஸ்ட் முடிந்ததும் ‘க்ளீன்அப்’ செய்வதையும் மறக்காதீர்கள். மாதக் கடைசியில் பில் எகிறினால் பெரும்பாலும் யாரோ விட்டுப்போன டெஸ்ட் சர்வர்கள்தான்.

பழைய இடத்துக்குத் திரும்ப முடியவில்லை

ஃபெயில்பேக்கில் வரும் கோளாறுகளில் மிக மோசமானது, பழைய சர்வர் தானாக எழுந்துகொள்வது. டேட்டா சென்டருக்கு மின்சாரம் வருகிறது, மூல டேட்டாபேஸ் பூட் ஆகிறது, சில ஆப்கள் அதோடு பேசத் தொடங்குகின்றன. கிளவுடில் ஒரு உண்மை, இங்கே ஒரு உண்மை. இப்படிப் பிரிந்த இரண்டையும் பிறகு ஒன்றுசேர்க்க எந்தக் கருவியும் கிடையாது, ஆட்கள் உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்க வேண்டியதுதான். ஃபெயில்ஓவர் முடிவானதுமே பழைய பக்கத்தில் ஸ்விட்ச் போர்ட்டுகளை அணைத்துவிடுங்கள். டேட்டா சென்டருக்குப் போக முடியாத நிலை என்றால், மின்சாரம் வந்தாலும் விஎம்கள் தானாகத் தொடங்காதபடி ஆட்டோ ஸ்டார்ட்டை முன்கூட்டியே நீக்கி வைத்திருக்க வேண்டும்.

ரிவர்ஸ் ரெப்ளிகேஷன் தொடங்கவே இல்லை என்றால், ஃபெயில்ஓவரைக் ‘கமிட்’ செய்தீர்களா என்று பாருங்கள். அஷுரில் அது முடியாமல் ரீப்ரொடெக்ட் (எதிர்த் திசை நகலெடுப்பைத் தொடங்குவது) நடக்காது. தொடங்கி மெதுவாகப் போகிறது என்றால், முதலில் போட்ட அதே கணக்கை இப்போது எதிர்த் திசையில் போடுங்கள். அலுவலக லைனின் பதிவிறக்க வேகம் எவ்வளவு, கிளவுடில் சேர்ந்த மாற்றம் எவ்வளவு, வெளியே எடுக்கும் தரவுக்கு ஜிபி ஒன்றுக்கு என்ன கட்டணம். முழு டிஸ்க்கும் திரும்ப வர வேண்டியிருந்தால் கட்டணம் கணிசமாக இருக்கும், நிதிப் பிரிவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு கிளவுட் சர்வர்களை அன்றே அழிக்க வேண்டாம். நிறுத்தி மட்டும் வையுங்கள். பழைய பக்கத்திலிருந்து கிளவுடை நோக்கி ரெப்ளிகேஷன் மறுபடி தொடங்கி, முதல் நகல் முடிந்து, அதிலிருந்து ஒரு டெஸ்ட் ஃபெயில்ஓவர் எழுந்து, டேட்டாபேஸில் கடைசிப் பரிவர்த்தனையைக் கண்ணால் பார்த்த பிறகு அவற்றை நீக்கலாம்.